உப்புக்கு வேர்த்த நாள்

பயம் வந்தால் எனக்கு ஜோக் வரும். எனக்கு ஜோக் வந்தால் என் மனைவிக்குப் பயம் வரும். அந்த ஐப்பசி மாதம் முழுக்க நான் விட்ட ஜோக்குகளைக் கேட்டுக் கேட்டு அவள் இளைத்தே போனாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு டிரம் உப்பு.

நான் அடிப்படையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள கிணறுகளில் கருகிப்போன மோட்டார்களுக்கு எத்தனை முறை மறுபிறவி கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. ஒரு கல்லூரியில் வேதியியல் வாத்தியார் ஒருவர் ஆராய்ச்சிக்காக உலை வைத்திருந்தார். அதற்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி அடிக்கடி புகையும். சரிசெய்யப் போனேன். அப்படியே சில வருஷம் போய்க்கொண்டிருந்தேன். அவருக்கு வடக்கே வேலை கிடைத்தபோது உலையைக் குப்பையில் போட மனசு வராமல் என் தலையில் போட்டுவிட்டுப் போனார். "உலோகத்தூள் வாங்க ஆள் இருக்காங்க, செய்யற வழியும் இருக்கு, நடுவுல பொறுமைக்குத்தான் ஆள் இல்லை" என்றார். பொறுமைக்கு அவர் தேடிப் பிடித்த ஆள் நான். படித்தவர்களும் ஏமாறத்தான் செய்கிறார்கள்.

வேலை இதுதான். பெயின்டுக்கு வெள்ளை நிறம் வரச் சேர்ப்பார்களே ஒரு மாவு, அது டைட்டானியம் என்ற உலோகம் ஆக்சிஜனோடு குடித்தனம் பண்ணுகிற கோலம். அந்த மாவை மாத்திரை போல வில்லைகளாக அழுத்திச் சுட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எஃகுப் பாத்திரத்தில் கால்சியம் குளோரைடு என்ற உப்பைப் போட்டுத் தொள்ளாயிரம் டிகிரிக்குச் சூடேற்றினால் தண்ணீர் மாதிரி உருகிச் செக்கச்செவேலென்று நிற்கும். வில்லைகளைக் கம்பியில் கட்டி அதற்குள் இறக்கி, எதிரே ஒரு கரித்தண்டையும் இறக்கி, மூன்று வோல்ட் மின்சாரம் விட வேண்டும். மூன்றே வோல்ட்; டார்ச் லைட்டுக்குப் போதுகிற அளவு. ஆக்சிஜன் உலோகத்தின் கையை விட்டுவிட்டு, உப்புக்குள் நீந்திப் போய், கரியைச் சேர்த்துக்கொண்டு குமிழாக ஓடிப்போய்விடும். உலோகம் மட்டும் இருந்த இடத்திலேயே, கடற்பஞ்சு போலப் பொத்தல் பொத்தலாக நிற்கும். ஆறவைத்து, உப்பைக் கழுவி, இடித்துச் சலித்தால் சாம்பல் நிறத் தூள். வில்லை கடைசிவரை உருகுவதே இல்லை என்பதுதான் இதன் அழகு. உருகுவது உப்பும், பக்கத்தில் நிற்கிற நானும்.

கச்சிராயபாளையம் சாலையில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே, ஒரு விவசாயி டிராக்டர் நிறுத்தி வைத்திருந்த கொட்டகைதான் எங்கள் தொழிற்சாலை. எங்கள் என்றால் இரண்டு பேர். இன்னொருத்தி கல்வராயன் மலையிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வருகிறவள்; என்னைவிட நாலைந்து வயது சின்னவள். தங்கச்சி என்று கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன். வில்லை அழுத்துவது, கம்பியில் கட்டுவது, கழுவுவது, இடிப்பது, சலிப்பது எல்லாம் அவள். ஸ்விட்ச் போடுவதும் பயப்படுவதும் நான்.

பொங்கல் முடிந்ததும் மலை ஊர்களுக்கு வேன் வரும். மிளகு பறிக்க, காபிப்பழம் பறிக்க என்று குடும்பம் குடும்பமாக எஸ்டேட்டுக்கு ஏற்றிப் போவார்கள். போனால் மூன்று நான்கு மாதம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பாதியில் நிற்கும். வருஷா வருஷம் அந்த வேனில் ஏறியவள், என்னிடம் வந்த பிறகு, போன பொங்கலுக்குத்தான் முதல் முறையாக ஏறாமல் இருந்தாள். சேர்ந்த புதிதிலேயே சொல்லிவிட்டாள்:

"ண்ணா, நீ டைட்டானியம் செய்வியோ தகரம் செய்வியோ எனக்குத் தெரியாது. இந்தக் கொட்டாய மூடிட்டா நான் மறுபடியும் வேன் ஏறணும். மூடாம பாத்துக்க. அவ்ளோதான்."

மூடுகிற நிலைமைதான் வந்தது. சென்னையில் ஒரு கம்பெனி. உலோகத்தூளை அடுக்கடுக்காகப் பரப்பி உருக்கி, அச்சே இல்லாமல் உதிரிபாகம் செய்கிறவர்கள். எங்கள் தூள் பிடித்துப்போனால் மாதாமாதம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். அவர்களைத் தவிர எங்களைச் சீந்த ஆளில்லை. வெள்ளிக்கிழமை ஒரு மேடம் நேரில் வந்து, எங்கள் கண்ணெதிரே வில்லையை உடைத்துப் பார்த்து, தேறினால் தூளைச் சோதனைக்கு எடுத்துப்போவார் என்று ஏற்பாடு.

அதற்கு முன்னால் அந்த ஐப்பசியில் இரண்டு முறை உலை போட்டோம். இரண்டு முறையும் வில்லை வெளியே சாம்பல் நிறம், உடைத்தால் உள்ளே வெள்ளை. வேகாத இட்லி. உலோகமானால் மின்சாரம் பாயும்; மல்டிமீட்டரின் இரண்டு முனைகளை வைத்தால் 'பீப்' என்று கத்தும். எங்கள் வில்லை தோலில் கத்தியது, நடுவில் வைத்தால் ஊமை. வயரை மாற்றினேன், கரித்தண்டை மாற்றினேன், நட்டு போல்ட்டையெல்லாம் முறுக்கினேன். வீட்டில் சாப்பாடு போடும்போது மனைவி கேட்டாள்:

"மாசக்கணக்கா உப்பு காய்ச்சறீங்க. ஒரு கொழம்புக்காவது ஒதவுதா?"

"ஒதவும். தொள்ளாயிரம் டிகிரியில கொழம்பு வெச்சா கேஸ் மிச்சம்."

ஜோக் வந்துவிட்டதைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

புதன்கிழமை காலை மூன்றாவது முறை. பாத்திரத்தில் உப்பை நிரப்பி, வில்லைகளைத் தொங்கவிட்டு, உலையைப் போட்டுவிட்டேன். பழைய டிரம் அதோடு காலி ஆகிற மாதிரி இருந்ததால் முந்தின நாளே புது டிரம் ஒன்று வந்து இறங்கியிருந்தது. சூடு முந்நூறைத் தாண்டும்போது தங்கச்சி கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

"ண்ணா, இது கரண்டு கோளாறு இல்ல. கண்ணு."

"யாரு கண்ணு?"

"மொத வாட்டி செவப்பா எரிஞ்சப்போ எத்தினி பேரு வாசல்ல நின்னு பாத்தாங்க? கரும்பு வெட்ற ஆளுங்க பூரா வந்து, யப்பா இன்னா வெளிச்சம்டான்னு வாயப் பொளந்துக்கினு நின்னாங்க. அது சும்மா உடுமா?"

"பாத்தவங்க கண்ணுதான் கூசியிருக்கும். உலைக்கு இன்னா?"

"நீ ஸ்விட்ச்சப் பாரு. நான் சுத்திப் போட்டுக்கறேன்."

மிளகாய் அவள் பையில் இருந்தது. உப்புக்கு எங்கே போவது? கொட்டகையில் இருந்த உப்பெல்லாம் ஒரே உப்புதான். கண்ணு கழிக்கப் பழசு எடுக்கக்கூடாது என்று புது டிரம்மைத் திறந்து ஒரு பிடி அள்ளினாள். மிளகாயையும் சேர்த்து மூடிக்கொண்டு உலைக்கு முன்னால் நின்று சுற்ற ஆரம்பித்தாள். ஊரு கண்ணு, உறவு கண்ணு, கரும்பு வெட்ற ஆளுங்க கண்ணு. முதல் சுற்று நன்றாகப் போயிற்று. இரண்டாவது சுற்றில் அவள் புருவம் சுருங்கியது. மூன்றாவது சுற்றில் அலறினாள்.

"ஐயோ! ண்ணா! சுடுது! உப்பு சுடுது! வேர்க்குது பாரு, வேர்க்குது!"

விரித்த கையில் உப்பு நிஜமாகவே நீர் விட்டுப் பளபளத்தது. உலையைக் கை தொடவில்லை. அடுப்பு இல்லை. வெறும் கையில் உப்பு கொதிக்கிறது.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓடினேன். கால்சியம் குளோரைடு ஈரத்தைக் கண்டால் உறிஞ்சும், உறிஞ்சினால் சூடேறும் என்று அந்தக் கொட்டகைக்கு வந்துபோன கறவைக்காரர் முதல் கரும்பு ஆபீசர் வரை எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் நான். அவள் கை ஈரம் என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அவ்வளவு வேதியியலும் என்னோடு ஓடி வரவில்லை, கொட்டகையிலேயே நின்றுவிட்டது. ஓடி வந்தது நானும் ஒரு செருப்பும்தான்.

பின்னாலிருந்து தங்கச்சியின் குரல்: "ஓடறதுன்னா மெயின ஆஃப் பண்ணிட்டு ஓடுண்ணா!"

கரும்புக்குள் நான்கு வரிசை தாண்டி நின்றுகொண்டிருந்தபோது வரப்பில் என் மனைவி, கையில் டிபன் கேரியரோடு.

"கரும்புக் கொல்லையில இன்னா பண்றீங்க?"

"காத்து வாங்கறேன்."

"ஒத்தச் செருப்போடவா?"

அவளோடு திரும்பி நடந்தேன். தங்கச்சி கையைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கி வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கை லேசாகச் சிவந்திருந்தது, வேறொன்றுமில்லை. நடந்ததைக் கேட்ட மனைவி டிரம்மை எட்டிப் பார்த்தாள்.

"உப்பத் தின்னவன் தண்ணி குடிப்பான்னு கேள்விப்பட்டிருக்கேன். உங்க உப்பே தண்ணி குடிக்குமா?"

"குடிக்கும். காத்துல இருக்கிற ஈரத்தக்கூட உடாது."

"குடிச்சு வயிறு ரொம்பிட்டா?"

அவள் கிண்டலுக்குத்தான் கேட்டாள். எனக்குத்தான் ஏதோ தட்டியது. வயிறு நிரம்பிய உப்பு இன்னும் எதற்குக் குடிக்கப் போகிறது? குடிக்காத உப்பு எதற்குச் சுடப் போகிறது?

வாளியில் கையை நனைத்துக்கொண்டு பழைய டிரம்மின் அடியில் மிச்சமிருந்த உப்பை ஒரு பிடி அள்ளினேன். மூடிக்கொண்டு நின்றேன். ஒன்றுமில்லை. பிசுபிசுவென்று ஒட்டியது, சூடு இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் சில்லென்றுகூட இருந்தது. இரண்டு பெண்களும் என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"இது செத்த உப்பு" என்றாள் தங்கச்சி.

நாங்கள் இரண்டு முறை தோற்றதும் இந்த உப்பில்தான். மூன்றாவது முறையாக அடுப்பிலிருப்பதும் இதே உப்புதான். காற்று புகாமல் டிரம் மூடியை இறுக்குகிற இரும்பு வளையம் எங்கே என்று தேடினேன். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. புகைபோக்கிக் குழாய் ஆடுகிறதென்று போன மாதம் அந்த வளையத்தைக் கழற்றிக் குழாய்க்குப் பூட்டிய புத்திசாலி நானேதான். ஐப்பசி மழைக்காற்றில் டிரம் ஒரு மாதமாக வாயைத் திறந்துகொண்டு குடித்திருக்கிறது.

அதைவிட மோசம், அவசரத்தில் நான் உலையை ஒரே ஏற்றாக ஏற்றியது. நனைந்த உப்பை அப்படிச் சூடாக்கினால் தண்ணீர் தனியாகப் போகாது. உப்பில் பாதியை உடைத்து அழைத்துக்கொண்டு போகும். பின்னால் மிஞ்சுவது சுண்ணாம்பு. சுண்ணாம்பு நிறைந்த உப்புக்குள் வில்லையிலிருந்து ஆக்சிஜன் இறங்க இடமேது? தீபாவளிக்கு மறுநாள் உளுந்தூர்பேட்டை பஸ் மாதிரி. படியில் தொங்குவதற்கே இடமில்லை. அதனால்தான் தோல் மட்டும் வெந்து நடு வேகாமல் நின்றது.

உலையின் சூடு நானூறு. நேரம் பன்னிரண்டு. நான் போய் ஸ்விட்ச்சை அணைத்தேன்.

தங்கச்சி வாளியிலிருந்து கையை எடுத்தாள். "இன்னாண்ணா, அணைச்சுட்ட? வெள்ளிக்கிழம அந்தம்மா வருதே?"

"வரட்டும். இந்த உப்பு வேணாம். பாத்திரத்தக் கழுவிட்டு, புதுசப் போட்டு, மெதுவா காய வெச்சு அப்பறம்தான் உருக்கணும்."

"அதுக்கெல்லாம் நேரம் இருக்கா?"

"ஒரே ஒரு தடவைக்கு இருக்கு."

"அதுவும் உள்ள வெள்ளையா வந்தா?"

"வந்தா நானும் உங்கூட வேன்ல வரேன். மிளகு பறிக்கத் தெரியாது. பயப்பட ஆள் வேணுமான்னு எஸ்டேட்ல கேட்டுப் பாரு."

அவள் சிரிக்கவில்லை. "நீ ஜோக்கு உட்டா எனக்குத்தான் பயமா இருக்கு. தள்ளு." வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு எங்கள் மூன்று பேருக்கும் பேச நேரமில்லை. கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் வில்லைகளைக் கழற்றித் துணியில் வைத்தோம். பாத்திரத்து உப்பைச் சுரண்டி எடுத்தோம். சுரண்ட முடியாததைத் தண்ணீரில் கரைத்தோம். சுரண்டிய உப்பைக் கொட்டகைக்கு வரும் மண்பாதையில் தூவினேன். ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிற உப்பாயிற்றே, அப்புறம் பல நாளைக்கு அந்தப் பாதையில் புழுதியே கிளம்பவில்லை. நான் செய்த வேலைகளிலேயே கொட்டகைக்காரர் மனசாரப் பாராட்டியது அது ஒன்றைத்தான். பாத்திரத்தைத் துடைத்து, காயவைத்து, புது உப்பை நிரப்பி, வளையத்தைக் குழாயிலிருந்து கழற்றி டிரம்முக்கே மாட்டி முடித்தபோது மாலை ஐந்து.

இருநூறு டிகிரியில் வைத்தேன். விடியும்வரை அதே சூட்டில் காய வேண்டும். எனக்கோ கை துறுதுறுவென்றது. கொஞ்சம் ஏற்றினால் என்ன, இருநூற்றைம்பது வைத்தால் சீக்கிரம் முடியுமே என்று இரண்டு தடவை சூட்டைக் கூட்டுகிற குமிழ் பக்கம் போனேன். மூன்றாவது தடவை போனபோது குமிழே இல்லை. என் மனைவி அதைக் கழற்றிக் காலி டிபன் கேரியரின் மேலடுக்கில் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

"காலையில சோத்தோட எடுத்துக்கினு வரேன்" என்றாள்.

அன்றிரவு உப்பு காய்ந்தது. பாயில் நான் வேர்த்து நனைந்தேன்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கே தங்கச்சி வந்துவிட்டாள். பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி உப்பை எடுத்து ஆறவைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டாள். இந்தத் தடவை கையில் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். டம்ளரைப் பிடித்துப் பார்த்தேன். டீக்கடை டம்ளர் மாதிரி சுட்டது. அவளும் பிடித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினாள். குமிழும் இட்லியும் வந்து சேர்ந்தன. மூடியைப் பூட்டி, உள்ளே காற்று புகாமல் சிலிண்டரிலிருந்து ஆர்கான் விட்டு, படிப்படியாக ஏற்றினோம். ஒன்பதரைக்கு உப்பு உருகி நின்றது. வில்லைகளை இறக்கி மின்சாரத்தைத் திறந்தேன்.

மதியம் முள் இறங்க ஆரம்பித்தது. அம்மீட்டர் முள்ளைத்தான் சொல்கிறேன். காயில் கட்டுகிறவனுக்கு முள் இறங்கினால் ஏதோ போய்விட்டது என்று அர்த்தம். முப்பது வருஷப் பழக்கம். "போச்சு, லைன் போச்சு" என்று கத்திக்கொண்டு மெயினை நோக்கிப் பாய்ந்தேன். தங்கச்சி குறுக்கே கையை நீட்டினாள்.

"ண்ணா. உள்ள இருக்கிற ஆக்சிஜன் கம்மியாவ கம்மியாவ முள்ளு எறங்கும், எறங்குனா நல்லதுன்னு யாரு சொன்னது?"

"யாரு?"

"நீதான். மொத நாளு. எழுதிக்கூட வெச்சிக்கிற பாரு."

சுவரில் சாக்பீஸில் என் கையெழுத்தில்தான் எழுதியிருந்தது: முள் இறங்கினால் பயப்படாதே. எனக்காக நானே எழுதி வைத்துக்கொண்டது. முந்தைய இரண்டு முறையும் முள் இறங்காததால் மறந்தே போயிருக்கிறேன். உட்கார்ந்தேன். முள் இறங்கிக்கொண்டே இருந்தது. நானும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தங்கச்சி ஊர்ப்பக்கம், வெள்ளிமலைக்குப் போகும் கடைசி பஸ் புறப்படுவதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்தி, வில்லைகளை உப்புக்கு மேலே தூக்கி, ஆர்கானிலேயே ஆறட்டும் என்று விட்டோம்.

வெள்ளிக்கிழமை சென்னை மேடத்தைச் சின்னசேலம் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்தேன். ஐம்பது வயது இருக்கும். வழியெல்லாம் நான் ஜோக் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ஜன்னல் வழியாகக் கரும்பைப் பார்த்துக்கொண்டே வந்தார். கொட்டகையில் நாற்காலி போட்டதற்கு, "வேணாங்க, நின்னே பாக்குறேன்" என்றார்.

மூடியைத் திறந்து வில்லைகளை எடுத்தோம். மேலே படிந்த உப்பு வெள்ளையாக அப்பியிருந்தது. தங்கச்சி தண்ணீரில் கழுவி, பிறகு நீர்த்த அமிலத்தில் அலசி, மறுபடி தண்ணீரில் கழுவி, ஒரு வில்லையைத் துடைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாள். முந்தைய வில்லைகள் சுண்ணாம்புக் கட்டி போலப் பொடிந்தன. இது உடைய நாலு தட்டு கேட்டது. உள்ளேயும் சாம்பல். நடுவிலும் சாம்பல். ஆனால் கண்ணை நம்புகிற ஆள் இல்லையே மேடம். "மீட்டர் வெச்சுக் காட்டுங்க" என்றார்.

மல்டிமீட்டர் முனைகளை நடுவில் வைத்தேன்.

சத்தமில்லை.

இடம் மாற்றி வைத்தேன். சத்தமில்லை. என் காதுக்குள் மட்டும் ஏதோ ரீங்காரம். மேடம் என்னைப் பார்த்தார். நான் வில்லையைப் பார்த்தேன். "இந்த மீட்டருக்கு வெள்ளிக்கிழமையானா மௌன விரதங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. தங்கச்சியைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பொங்கல் முடிந்து அந்த வேனில் ஏறுகிறவள் முகம் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. அப்போது அவள் என் முழங்கையைத் தொட்டு, மேடத்துக்குக் கேட்காமல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"ண்ணா. மீட்டர ஆன் பண்ணல."

பண்ணினேன்.

பீப்.

அந்த மீட்டர் அவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டதில்லை. மேடம் மீட்டரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், நியாயம்தான். இன்னும் மூன்று வில்லைகளை அவரே உடைத்தார். மூன்றும் நடுவில் கத்தின. அரத்தால் ஓரத்தைத் தேய்த்தார். வெள்ளிக்கம்பி போலக் கோடு மினுங்கியது. தங்கச்சி இரும்பு உரலில் இட்டு இடித்துச் சலித்துக் கொடுத்த தூளை ஒரு சீசாவில் அடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

"உப்புல ஈரம் இருக்கான்னு எப்படிச் சோதிக்கிறீங்க? அதுக்குக் கருவி ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி சொல்லிவிட்டாள். "ஒரு கரண்டி உப்பு, ஒரு டம்ளர் தண்ணி மேடம். டம்ளர் சுட்டா நல்ல உப்பு. சுடலன்னா செத்த உப்பு."

"யார் கண்டுபிடிச்சது?"

"கரும்பு வெட்ற ஆளுங்க கண்ணு" என்றாள் தங்கச்சி.

மேடம் என்ன புரிந்துகொண்டாரோ, கரண்டியையும் டம்ளரையும் மட்டும் எழுதிக்கொண்டார். ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் முதல் முறையாகச் சிரித்தார். நான் ஜோக் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

சில வாரங்கள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. ஆக்சிஜன் அவர்கள் கேட்டதைவிடச் சற்று அதிகம். இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்டுங்கள், மாதாமாதம் அனுப்புங்கள் என்று இருந்தது. சுவரில் 'பயப்படாதே'வுக்குக் கீழே 'மீட்டரை ஆன் செய்' என்று தங்கச்சி எழுதிவைத்தாள். அதற்கும் கீழே 'ஓடினால் இரண்டு செருப்போடும் ஓடு' என்று என் மனைவி எழுதினாள்.

பொங்கல் முடிந்த நாலாம் நாள் தங்கச்சி இரண்டாவது பஸ்ஸில் தாமதமாக வந்தாள். ஊரில் வேன் வந்து நின்றதாம். எஸ்டேட்டுக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி அவள் வீட்டு வாசலில் நின்று ஆரன் அடித்துக்கொண்டே இருந்தாராம்.

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? கீழ உப்பு காயுது, நான் போவணும், வேன ஓரமா நிறுத்து, எம் பஸ்ஸுக்கு வழி உடுன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டுக் கரண்டியையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு உலைப் பக்கம் போனாள்.